பரணுக்கு என்ன வார்த்தை?

ஜூன் 3

டீச்சரம்மாவுக்கு,

அலமாரி எழுதுகிறேன். மூன்று கதவு அலமாரியை ஒற்றை ஆளாக முதுகில் தூக்கி மாடியேற்றியதற்காக லாரி ஷெட்டில் எனக்குக் கிடைத்த பட்டம். மறந்துபோயிருந்தால் ஞாபகப்படுத்துகிறேன், பத்தொன்பது வருடமாக உன் புருஷன்.

போன் செய்தால் வெட்டிவிடுகிறாய். நேற்று உன் அக்கா எடுத்து, "அவ குளிக்கிறா" என்றார். காலையிலும் குளிக்கிறாய், மாலையிலும் குளிக்கிறாய். இப்படியே போனால் கரைந்துவிடுவாய். போனை வெட்டலாம், கடிதத்தைக் கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்குள் ஒரு வரியாவது கண்ணில் படும். அதை நம்பித்தான் கோழி கிளறின இந்தக் கையெழுத்தில் எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நின்றவன் இதற்கு மேல் எழுதினால் பள்ளிக்கூடமே என் மேல் வழக்குப் போடும்.

ஒரு சின்ன உதவி. நர்சரிப் பிள்ளைகளுக்குக் காட்டுவாயே, சேர், டேபிள், கிச்சன், பெட்ரூம் என்று இங்கிலீஷ் அட்டை, அதில் ஒரு கட்டு அனுப்பு. வீட்டுச் சாமான், வீட்டு அறை, அவ்வளவு போதும். யானை, ஒட்டகமெல்லாம் வேண்டாம், நாங்கள் லாரியில் ஏற்றுவதில்லை. சும்மாதான் கேட்கிறேன். பொழுது போகவில்லை.

இருபத்தெட்டாம் தேதிக்குள் வேண்டும். சகலையின் குறட்டையை விசாரித்ததாகச் சொல்.

அலமாரி


ஜூன் 7

உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

டீச்சரம்மா என்று இனிமேல் எழுத வேண்டாம். நான் ஆயா. பிள்ளைகளுக்கு மூக்கு துடைத்துவிட்டு, டீச்சர் வராத நாளில் அட்டை காட்டுகிற ஆயா. டீச்சராகியிருக்க வேண்டியவள். அதற்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் ஏப்ரலில் நம் வீட்டுக்கு வந்தது. அன்று மாலையே கேட்டேன், "என்ன கடிதம் வந்திருக்கு?" என்று. "உன் அழகைப் பாராட்டி கவர்மென்ட்ல இருந்து எழுதியிருக்காங்க" என்றீர்கள். நானும் சிரித்தேன். மே இருபதாம் தேதி அது டிராயரில், கரண்ட் பில்லுக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில் கிடைத்தது. தேர்வு மே ஐந்தாம் தேதியே முடிந்துபோயிருந்தது.

உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதில் எனக்குக் கோபம் இல்லை. தெரியாது என்ற ஒரு சொல் உங்கள் வாயில் வராது. அதன் இடத்தில் ஒரு பரிகாசம் வரும். அந்தப் பரிகாசம் என் வேலையைத் தின்றுவிட்டது.

பொழுதுபோக்குக்கு யாரும் தேதி குறிப்பதில்லை. இருபத்தெட்டாம் தேதி என்ன? காரணம் எழுதினால் அட்டை வரும்.

அத்தானுக்குக் குறட்டை குறையவில்லை.


ஜூன் 10

ஆயாம்மாவுக்கு (நீ சொன்னதால்),

காரணம் கேட்டாய். எழுதிவிடுகிறேன்.

இருபத்தெட்டாம் தேதி கம்பெனியில் என்னை விசாரிக்கிறார்கள். மே மாதம் ஒரு பேங்க்காரர் வீட்டைக் காலி செய்தோம். அவர் ஆறு மாதம் முன்பே புது ஊருக்குப் போய்விட்டார். சாவி அவர் மச்சான் கையில். சாமான் என்னென்ன என்று அவர் போனில் சொல்லச் சொல்ல, நம் சூப்பர்வைசர் பேனா இங்கிலீஷில் பட்டியல் எழுதினான். காதில் எப்போதும் ஒரு பேனா செருகியிருப்பானே, அவனேதான். நாங்கள் ஏற்றினோம். 'எல்லாம் ஏறியது' என்று கீழே நான் கையெழுத்துப் போட்டேன். புது வீட்டில் இறக்கிப் பார்த்தால் ஒரு தொட்டில் இல்லை. நல்ல தேக்கு, பித்தளைக் குமிழ் வைத்தது. அவர் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். பட்டியலில் 'பெட்ரூம், தொட்டில் ஒன்று' என்று இருக்கிறது. அடியில் என் கையெழுத்து இருக்கிறது. தொட்டில் மட்டும் இல்லை.

நான் மாட்டிக்கொண்ட இடம் எது என்று பார். படிக்கத் தெரியும் என்றால், தெரிந்தே கையெழுத்துப் போட்டுவிட்டு வழியில் விற்றவன், திருடன். தெரியாது என்றால், ஒன்பது வருடமாகக் கம்பெனியை ஏமாற்றிக் குழுத் தலைவனாக இருந்தவன், பொய்யன். ஏனென்றால் அந்த வேலைக்கு நான் கொடுத்த படிவத்தில் 'இங்கிலீஷ் படிக்கத் தெரியும்' என்று எழுதியிருக்கிறது. அழகான கையெழுத்து. யாருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை.

விசாரணையில் அந்தப் பட்டியலைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். அதற்குத்தான் அட்டை. எனக்கு வந்த நகலை ஜெராக்ஸ் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

திருடன், பொய்யன், ரெண்டில் எந்தச் சட்டை எனக்கு எடுப்பாக இருக்கும்?

அலமாரி


ஜூன் 13

உங்களுக்கு,

சட்டையாம். இதை எழுதும்போதும் உங்களுக்கு ஒரு பரிகாசம் தேவைப்பட்டிருக்கிறது.

அந்தப் படிவத்தை எழுதியது என் கை. இங்கே ஒரு பள்ளியில் டீச்சர் வேலைக்கு மறுபடியும் மனுப் போட்டிருக்கிறேன், படிவ விஷயம் வெளியே தெரிந்தால் அதுவும் போய்விடும். அது கிடக்கட்டும்.

நாற்பது அட்டை வைத்திருக்கிறேன். முன்பக்கம் இங்கிலீஷ், பின்பக்கம் தமிழும் படமும். அறை அறையாகக் கட்டியிருக்கிறேன், கலைக்காதீர்கள். ஹால்: சோஃபா, சேர், கர்ட்டன், கார்பெட், ஷெல்ஃப். பெட்ரூம்: காட் (கட்டில்), மேட்ரஸ், பில்லோ, பிளாங்கெட், க்ரேடில் (தொட்டில்), மிரர், டிராயர். (டிராயருக்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.) பிறகு கிச்சன், பாத்ரூம். பிள்ளைகளுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்: சத்தமாகப் படிக்க வேண்டும், பார்த்து எழுத வேண்டும், பிறகு பார்க்காமல் எழுத வேண்டும்.

நீங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நோட்டில் படம் போடுவீர்களே, அறைக்கு ஒரு பக்கம், ஏறிய சாமானுக்கு ஒரு கோடு. அந்தப் பக்கங்களை இந்தப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். தொட்டிலை வரைந்திருக்கிறீர்களா? இதற்கு மட்டும் நேராகப் பதில் எழுதுங்கள்.

அப்புறம் ஒரு வீட்டுப்பாடம். அந்த வீட்டு வாசலில் நுழைந்து, ஒவ்வொரு அறையாக மனசுக்குள் நடந்து, கண்ணில் பட்டதையெல்லாம் புது வார்த்தையில் எழுதி அனுப்புங்கள். பட்டியலைப் பார்க்காமல் எழுத வேண்டும்.


ஜூன் 17

வாத்தியாரம்மாவுக்கு,

நேரான பதில்: வரையவில்லை. படுக்கையறைப் பக்கத்தில் என் படம் ஒன்பது, பேனாவின் பட்டியலில் பத்து. தொட்டில் லாரியில் ஏறவே இல்லை. ஆனால் கோழிக் கிறுக்கலை எந்த மேனேஜர் நம்புவார்?

பேனா நேற்று டீக்கடைக்குக் கூட்டிப்போனான். அவனாகக் காசு கொடுத்தான், அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "அண்ணே, வழியில உடைஞ்சு போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. நான் பேசி முடிச்சுடறேன்" என்றான். "உடையலையே தம்பி" என்றேன். "அப்ப எங்கண்ணே போச்சு?" என்று கேட்டான். அவன் கண்ணிலும் பயம் இருந்தது. பார்க்காமலே எழுதியவன் அவன், பார்க்காமலே கையெழுத்துப் போட்டவன் நான். ஒருவன் மாட்டினால் இன்னொருவன் தப்பலாம்.

அட்டைகள் நடக்கின்றன. டோர் என்ற வார்த்தைக்கு நடுவில் ரெண்டு முட்டைக் கண். கதவிடுக்கு வழியாக உன் அக்கா என்னைப் பார்ப்பது போலவே இருக்கிறது. ரூமிலும் அதே கண், ஸ்டூலிலும் அதே கண், ஃப்ளோரிலும் அதே கண். எங்கே போனாலும் உன் அக்கா. ஷெட்டில் பையன்கள், "அலமாரிண்ணே அ ஆ படிக்கிறார்டோய்" என்று கத்துகிறார்கள். கத்தட்டும். டிராயர் அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. முதல் தடவையிலேயே பதிந்துவிட்டது.

வீட்டுப்பாடம்:

டோர். உள்ளே ஹால். சோஃபா ஒன்று, சேர் நான்கு, கர்ட்டன் ரெண்டு ஜோடி, ஷெல்ஃப் ஒன்று. பெட்ரூம். காட் ரெண்டு, மேட்ரஸ் ரெண்டு, பில்லோ நான்கு, மிரர் ஒன்று. ஆக ஒன்பது. சீலிங்கில் மழை ஒழுகின கறை. பாத்ரூம். பக்கெட், ஸ்டூல். கிச்சன். டேபிள் ஒன்று. ஷெல்ஃபில் பாத்திரம், ஏழு பெட்டி. விண்டோ ஒன்று. கீழே ஃப்ளோர். மேலே சீலிங். சீலிங்குக்குக் கீழே, விண்டோவுக்கு மேலே

எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அங்கே ஒரு பரண் இருந்தது. மரக்கதவு. சுவருக்கு அடித்த அதே வெள்ளையை அதற்கும் அடித்திருந்தார்கள். உன் நாற்பது அட்டையில் பரண் இல்லை. பேனாவின் பட்டியலில் இல்லை. என் நோட்டிலும் இல்லை.

பரணுக்கு என்ன வார்த்தை?


ஜூன் 20

லாஃப்ட்.

கடிதம் கிடைத்த உடனே போங்கள். தனியாகப் பரணைத் திறக்காதீர்கள். வேறு ஒரு ஆள் பக்கத்தில் இருக்கட்டும். தொட்டில் இருந்தால் தொடாதீர்கள், இறக்காதீர்கள். நீங்கள் தூக்கிக்கொண்டு வந்தால், ஒளித்து வைத்து எடுத்து வந்தான் என்பார்கள். அதன் மேலிருக்கும் தூசிதான் உங்களுக்குச் சாட்சி.

ஒன்று கேட்க வேண்டும். எந்த வீட்டைக் காலி செய்தாலும் கடைசியாக ஒரு சுற்றுப் போவீர்கள். ஒவ்வொரு கதவாகத் திறந்து, பாத்ரூம், பரண் எதையும் விடாமல், "யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுப்பீர்கள். கல்யாணமான புதிதில் அந்தக் கூத்தைக் காட்டவே என்னை ஒரு காலி வீட்டுக்குக் கூட்டிப்போனீர்கள். இத்தனை வருடத்தில் ஒரு வீட்டுக்கும் அதைச் செய்யாமல் வந்ததில்லை.

அன்றைக்கு ஏன் போகவில்லை?


ஜூன் 23

உனக்கு,

போனேன். புதிதாகக் குடிவருகிறவர்களுக்காக வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். ஏணியில் பெயிண்டர்.

"யாருங்க?"

"இந்த வீட்டைக் காலி பண்ணினவன்."

"நல்லாக் காலி பண்ணீங்க போங்க. பரண்ல என்னமோ ஊஞ்சல் மாதிரி கிடக்கு. நாளைக்குக் குப்பையோட கழிச்சுடலாம்னு இருக்கேன்."

அவரையே திறக்கச் சொல்லி, கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒரு பித்தளைக் குமிழ் தெரிந்தது. கை பரபரத்தது. நீ சொன்னதால் பின்னால் கட்டிக்கொண்டேன். "இருபத்தெட்டாம் தேதி வரைக்கும் இந்தக் கதவைத் தொடாதீங்க. என் சோறு அதுக்குள்ளதான் இருக்கு" என்றேன். "சோறா?" என்று சிரித்துவிட்டு, "சரி, கிச்சனைக் கடைசியா அடிச்சுக்கறேன்" என்றார். வாய்ச்சொல்தான். அவருடைய முதலாளி அவசரப்படுத்தினால் என்ன ஆகும் என்று தெரியாது.

நீ கேட்டதற்குப் பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். பழி உன் மேல் போகிற மாதிரி ஆகிவிடும். மே இருபது. கடைசிப் பெட்டியும் ஏறியாயிற்று. சுற்றுப் போகலாம் என்று திரும்பினேன். போன் அடித்தது, நீதான். "டிராயர்ல கடிதம் கிடைச்சுது. நான் அக்கா வீட்டுக்குப் போறேன்." வேறொன்றும் நீ சொல்லவில்லை. பேனா நீட்டின தாளில் கையெழுத்தைப் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். உன் பஸ்ஸின் முதுகுதான் தெரிந்தது. பழி சொல்லவில்லை. நீ கேட்டதால் எழுதினேன்.

இப்போது நாற்பது அட்டையும் எனக்குத் தெரியும், நாற்பத்தொன்றாவது லாஃப்டும் தெரியும். படி என்றால் கடகடவென்று படித்துவிடுவேன். படிவத்தில் இருப்பது பொய்யே இல்லை என்று ஆகிவிடும். உன் கையெழுத்துக்கும் ஆபத்து இல்லை. ஆனால், படிக்கத் தெரிந்தவன் தொட்டில் எங்கே என்று அன்றைக்கே ஏன் கேட்கவில்லை என்பார்கள். நான் என்ன சொல்லட்டும்? நீ சொல்லாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

நம் வீட்டுக்குள் நுழையும்போதும் பழக்க தோஷத்தில் "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுவிடுகிறேன். குழாய்தான் பதில் சொல்கிறது. அதுவும் சொட்டுச் சொட்டாக.


ஜூன் 26

உங்களுக்கு,

தபாலில் போட்டால் நேரத்துக்கு வராது. அந்தப் பக்கம் லோடு ஏற்றிப் போகிறவரிடம் அத்தான் கொடுத்தனுப்புகிறார்.

முதலில் இப்படி எழுதினேன்: 'படித்துக் காட்டிவிடுங்கள், மற்றதைச் சொல்லாதீர்கள்.' எழுதிவிட்டு, என் மனுவை நினைத்துத்தான் அப்படி எழுதினேன் என்று தெரிந்து அந்தத் தாளை மடக்கி வைத்துவிட்டேன்.

ஒன்பது வருடம் முன்னால் "எழுதிடறேன், ஒரு மாசத்துல சொல்லித் தந்துடறேன்" என்றேன். பதினோரு நாள் சொல்லித் தந்தேன். நீங்கள் விளையாட்டாக எடுத்துக்கொண்டீர்கள், நான் விட்டுவிட்டேன். விட்டதில் எனக்கும் ஒரு சௌகரியம் இருந்தது. மாத்திரைச் சீட்டோ கரண்ட் பில்லோ, எதுவானாலும் என்னிடம் நீட்டித்தான் ஆக வேண்டும். அது எனக்குப் பிடித்திருந்தது. அந்த ஒரு கடிதத்தை மட்டும் நீட்டவில்லை என்றதும் அப்படி ஆத்திரம் வந்தது.

நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். படிவத்தை நான்தான் எழுதினேன் என்றும் சொல்லுங்கள். மனு போனால் போகட்டும்.

சொல்லும்போது சிரிக்காதீர்கள். ஒரே ஒரு நாள்.


ஜூன் 29

டீச்சரம்மாவுக்கு (திட்டினாலும் பரவாயில்லை),

நேற்று மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜர், பேனா, ஊரிலிருந்து வந்த பேங்க்காரர். இந்தப் பக்கம் நான். அலமாரியைத் தூக்கினபோதுகூட முதுகு இப்படி வேர்த்ததில்லை.

"இது உன் கையெழுத்தா?"

"ஆமா சார்."

"படி."

படித்தேன். ஹால். சோஃபா ஒன். சேர் ஃபோர். ஒவ்வொரு வார்த்தையும் வீட்டுப்படி ஏறுகிற மாதிரி இருந்தது. பெட்ரூம். காட் டூ. மேட்ரஸ் டூ. பில்லோ ஃபோர். மிரர் ஒன். க்ரேடில் ஒன். பேனா காதிலிருந்து பேனாவை எடுத்தான், மறுபடி செருகினான்.

"நல்லாத்தானே படிக்கிறே? அப்ப தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டிருக்கே" என்றார் மேனேஜர்.

"இன்னிக்குத் தெரியும் சார். அன்னிக்குத் தெரியாது" என்று உன் அட்டைகளை மேஜையில் வைத்தேன். "என் சம்சாரம் இதை அனுப்பிச்சு ரெண்டு வாரம்தான் ஆகுது."

"அப்ப இந்தப் படிவம்?"

நீ சொன்னபடிதான் ஆரம்பித்தேன். பாதியில் வாய் வேறு பக்கம் போய்விட்டது. "பொய் என்னோடது சார். கையெழுத்து மட்டும்தான் அவளோடது."

பிறகு நோட்டைத் திறந்து ஒவ்வொரு அறையாகக் காட்டினேன். நான் பார்க்காத இடம் ஒன்றே ஒன்று, கிச்சன் பரண், பார்க்காதது என் தப்பு, அன்றைக்குக் கடைசிச் சுற்றுப் போகவில்லை என்றேன். ஏன் போகவில்லை என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது நம் வீட்டு விஷயம்.

எல்லாரும் கம்பெனி வண்டியில் போனோம். வாசலிலேயே வெள்ளை வாடை. ஹால் முடிந்திருந்தது, பெட்ரூம் முடிந்திருந்தது. கிச்சனுக்குள் நுழைய எனக்குத் தைரியம் வரவில்லை. பெயிண்டர் உள்ளேயிருந்து, "வாங்க, உங்க சோறு பத்திரமா இருக்கு" என்றார். பேங்க்காரர் தானே ஏணியில் ஏறினார். பரண் கதவைத் திறந்தார். அப்புறம் தும்மினார். ஒரு விரல் கனத்துக்குத் தூசி. "மழை ஒழுகினப்ப என் மச்சான்தான் தூக்கி இங்க போட்டிருக்கணும்" என்றார். இறங்கி வந்து, தூசிக் கையோடு என் கையைப் பிடித்தார்.

திருடன் சட்டையைக் கழற்றியாயிற்று. மற்றதற்குத் தண்டனை உண்டு: குழுத் தலைவன் இல்லை, இனிமேல் வெறும் லோடுமேன். ஆறு மாதம் கழித்து அவர் எதிரிலேயே ஒரு பட்டியல் எழுதிக் காட்டினால் பார்க்கலாம் என்றார் மேனேஜர். பேனாவையும் விடவில்லை, இனி பார்க்காமல் எழுதினால் வீட்டுக்குப் போ என்றுவிட்டார். அவன் என்னோடு பேசுவதில்லை. டீ செலவு மிச்சம்.

ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. சத்தியமாக.

பழகிப் பார்க்க நம் வீட்டுக்கு ஒரு பட்டியல் போட்டேன். ஹால் ஒன்று. சேர் ரெண்டு, ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன். பெட்ரூம் ஒன்று. காட் ஒன்று. பில்லோ ரெண்டு. பிளாங்கெட் ஒன்று, மற்றதை நீ எடுத்துப் போய்விட்டாய். மிரர் ஒன்று, அதில் உன் பொட்டு ஒன்று. டிராயர் ஒன்று, காலி. இனிமேல் எந்தக் காகிதம் வந்தாலும் டேபிள் மேல்தான் வைப்பேன். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று அதன் மேலேயே எழுதி வைப்பேன்.

அலமாரி


ஜூலை 3

என்னங்க,

பட்டியலைத் திருத்திவிட்டேன். டோரை விட்டுவிட்டீர்கள். அறைக்கணக்கில் கிச்சனும் இல்லை. இத்தனை நாளாக எங்கே சாப்பிடுகிறீர்கள்? நூற்றுக்கு அறுபது.

இங்கே பள்ளியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. வந்தால் அத்தான் அனுப்பிவைப்பார். டேபிள் மேல் வையுங்கள், சேர்ந்தே பிரிக்கலாம். வராவிட்டால் வேறு இடத்தில் மனுப் போடுவேன்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணி பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வர வேண்டாம். வீட்டிலேயே இருங்கள். கதவையும் திறந்து வைக்க வேண்டாம்.

நான் வெளியே நின்று, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்பேன். கவர்மென்ட், குழாய் என்று எதையும் இழுக்காமல், "இருக்கேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.